செல்வமேரி சொன்ன சாட்சி

அத்தியாயம் 14

நீல விளிம்பு வைத்த அந்த வெள்ளைப் புடவையைச் செல்வமேரி வருஷத்தில் ஒருநாள்தான் பெட்டியை விட்டு எடுப்பாள். தவக்காலத்து மூன்றாம் சனிக்கிழமை. அன்று சாயந்திரம் பூனாவில் கட்கி தேவாலயத்து மண்டபத்தில் தமிழ்ச் சனங்களின் மதுவிலக்குக் கூட்டம்.

பத்து வருஷமாக அந்தக் கூட்டத்தில் கடைசியாக மைக்கைப் பிடிப்பவள் அவள்தான். அவள் பேசி முடித்தால் பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்துவார்கள். ஆண்களில் நாலு பேராவது முன்னால் வந்து, சிலுவையிலிருக்கும் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டு, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். அந்த நாலில் இரண்டு பேர் ஈஸ்டர் வரைக்கும் தாங்குவார்கள். அதுவும் பெரிய விஷயம்தானே.

அவள் சொல்வது ஒரே கதை. தன் புருஷன் இருதயராஜைக் குடி எப்படித் தின்று தீர்த்தது என்ற கதை.

இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மதுவிலக்குச் சபைக்குச் செயலாளராக இருக்கும் டேனியல் விடவில்லை. "நீங்க பேசலைன்னா கூட்டமே இல்லக்கா. நானே உங்க சாட்சியக் கேட்டுத்தானே திருந்துனேன்" என்று வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனான். எட்டு வருஷமாக ஒரு சொட்டுத் தொடாதவன். அவனுக்கு எப்படி இல்லை என்று சொல்வது?

காலையிலேயே புடவைக்கு இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டாள். பக்கத்து நாற்காலியில் மகன் ஜோஷுவா உட்கார்ந்து, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

இந்தக் குடும்பத்தை விடாமல் பின்தொடர்கிறவர்களுக்கு அந்தக் காலின் கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜோஷுவாவுக்கு, பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், முப்பத்துமூன்று வயதில், ஈரல் சுருங்கிவிட்டது, கால் வீக்கம் அதனால்தான் என்றார்கள். சுருங்கிய ஈரலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்று. ஈரலையே மாற்றினால்தான் பிழைப்பான்.

தன் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்றாள் தங்கை கீர்த்தி. விஷ்ராந்த்வாடியில் இருக்கும் அவள் புருஷன் சுனில், நாலு வயதுப் பெண்ணைக் காட்டிக் காட்டி, மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். போன வாரம்தான் கையெழுத்துப் போட்டான். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

அதற்கு முன்னால் ஒருமுறை எல்லோரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் இன்று காலை வரச் சொல்லியிருந்தார்.

"சல் மா, கெளம்பு, ரிக்‌ஷா வந்துட்ச்சு" என்றான் ஜோஷுவா.

அவன் எழுந்தபோது செல்வமேரி பழக்கதோஷத்தில் அவன் வாய்ப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள். பத்து வருஷமாக, ஷிஃப்ட் முடிந்து அவன் வாசலில் கால் வைத்ததும் அவள் செய்கிற முதல் காரியம் அது.

"இன்னுமா மா?" என்று சிரித்தான் அவன். மஞ்சள் பூத்த கண்ணோடு அவன் சிரிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

*

டாக்டர் கிரிஜா கோயம்புத்தூர்க்காரர். பூனாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும் ஓட, இவர் அறைக்குள் மட்டும் தமிழ் கேட்பதில் செல்வமேரிக்கு ஒரு தைரியம் இருந்தது. இன்று அதுவே வினையாகப் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கீர்த்தி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோஷுவாவோட மரபணு ரிப்போர்ட் வந்துருச்சுங்க" என்றார் டாக்டர். "குடிக்காத பையனுக்கு இந்த வயசுல ஏன் இப்படின்னு எனக்கு உறுத்தலா இருந்துச்சு. அதான் அனுப்பினேன்."

"என்னா வந்திருக்கு டாக்டர்?" என்றாள் கீர்த்தி.

"நம்ம ஒவ்வொருத்தருக்கும் எல்லா மரபணுவும் ரெண்டு பிரதி இருக்குங்க. ஒண்ணு அம்மாகிட்டருந்து, ஒண்ணு அப்பாகிட்டருந்து. ஜோஷுவாவுக்கு ஒரு குறிப்பிட்ட மரபணுவுல, ரெண்டு பிரதியிலயும், அதே எடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கு. இது இருந்தா ஈரல்ல சேர்ற கொழுப்பு லேசுல கரையாதுங்க. அங்கயே தங்கி, வீங்க வெச்சு, தழும்பாக்கும். தழும்பான ஈரல்ல கட்டி வர வாய்ப்பு கூடுதல்."

"அப்ப கேன்சர் பொறப்புலயே எழுதியிருந்துச்சா?" என்றான் ஜோஷுவா.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. இதே மாற்றத்தோட எத்தனையோ பேர் எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருக்காங்க. இது ஒரு சாய்வு. அதோட ஒடம்பு எடை, சர்க்கரை, குடி, இதுல ஏதாச்சும் சேர்ந்துச்சுன்னாத்தான் வேகம் பிடிக்கும்."

"நான் குடிக்கல டாக்டர். கசம், சத்தியமா. அம்மாவையே கேளுங்க."

"தெரியுமுங்க. எடை நூத்திநாலு இருந்துச்சே. கூல்டிரிங்ஸ் எல்லாம் உண்டா?"

ஜோஷுவா அம்மாவைப் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஆரஞ்சு நிறப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அவற்றை வாங்கி அடுக்கியவள் செல்வமேரி. தாகம் எடுத்தாலும் சரி, ஏக்கம் எடுத்தாலும் சரி, இதைக் குடி, அதை மட்டும் தொடாதே என்று இருபத்துமூன்று வயதுப் பையனிடம் சொன்னாள். அவனும் தொடவில்லை. பேக்கரி க்ரீம் ரோல், வடா பாவ், பெரிய பாட்டில் ஆரஞ்சு என்று அவன் சாப்பிடுவதை, கெட்ட வழிக்குப் போகாத பிள்ளை என்று பூரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். சாராயம் வரக்கூடிய வாசலில் பத்து வருஷம் காவல் நின்றிருக்கிறாள். வேறு வாசல் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டினார்.

"அப்பா இருதயராஜ். வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை. ஐம்பத்திரண்டு வயசுல ஈரல் புற்று. காரணம் குடின்னு பழைய ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருக்கு. எவ்வளவு குடிப்பாருங்க?"

"டெய்லி" என்றான் ஜோஷுவா.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். "இல்ல. மத்லப், அதாவது வீட்ல குடிக்க மாட்டாரு. அம்மா சொல்லுவாங்க."

"கீர்த்தி, நீங்க?"

"நான் பார்த்ததில்ல. அம்மாதான்…"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் செல்வமேரியைப் பார்த்தார். "அம்மா, நீங்க பாத்திருக்கீங்களா?"

செல்வமேரி மடியிலிருந்த ஜெபப் புத்தகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கேக்கறேன்னா" என்று டாக்டரே தொடர்ந்தார், "ஜோஷுவாவோட ஒரு பிரதி உங்ககிட்டருந்து வந்தது, இன்னொண்ணு அவங்கப்பாகிட்டருந்து வந்தது. அது நிச்சயம். அவரு குடிச்சுக் குடிச்சு இந்த நோய் வந்துச்சுன்னா அது ஒரு கணக்கு. குடிக்காமலே வந்திருந்தா, அவருகிட்ட ரெண்டு பிரதியும் மாறியிருந்திருக்கலாம்னு நான் சந்தேகப்படணும். அப்படி இருந்தா கீர்த்திக்கு ஒண்ணு கட்டாயம் வந்திருக்கும். உங்களோடதும் சேர்ந்து வந்திருந்தா, ஜோஷுவா மாதிரியே ரெண்டு."

"எனக்கா?" என்றாள் கீர்த்தி.

"உங்க ஸ்கேன்ல கொஞ்சம் கொழுப்பு தெரியுதுங்க. எங்க அளவுக்குள்ளதான் இருக்கு, இதுக்காக நான் நிறுத்த மாட்டேன். ஆனா அப்பா கதை வேறன்னா, பாதி ஈரலை எடுத்துட்டு மிச்சப் பாதியோட உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. உங்க ரத்தத்தையும் அனுப்பணும். ஊசி போட்டு ஈரல்ல துளி எடுத்துப் பாக்கணும். மூணு வாரம் ஆகும்."

"அண்ணனுக்கு மூணு வாரம் இருக்கா டாக்டர்?"

டாக்டர் ஜோஷுவா பக்கம் பார்த்தார். "நடுவுல கட்டிக்கு ஒரு சிகிச்சை குடுத்துப் பாக்கலாமுங்க. அவரோட ஈரல் அதைத் தாங்குமான்னு எனக்கு உறுதி இல்லை."

மூன்று பேரும் செல்வமேரியின் வாயைப் பார்த்தார்கள்.

*

அவள் பார்த்ததில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை.

இருதயராஜ் கல்யாணத்துக்கு முன்னாலேயே தேவாலயத்தில் மதுவிலக்குச் சத்தியம் செய்தவர். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டவள் செல்வமேரி. ஏனென்றால் அவள் அப்பா குடிகாரர். சாராய நெடியோடு வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, 'நான் தொடவே இல்லம்மா' என்று மகளிடமே சத்தியம் செய்கிற குடிகாரர். ஈரல் வெந்துதான் செத்தார்.

அதனால், இருதயராஜுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். ஈரல் கெட்டால் குடி. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் குடியிருந்த போபோடிச் சந்தில் யாருக்கும் தெரியாது.

"ஒரு சொட்டு தொடல மேரி" என்றார் அவர்.

"எங்கப்பனும் இதேதான் சொன்னாரு" என்றாள் அவள்.

நாற்பது நாள் அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க வந்த அன்றைக்கும், "உண்மையச் சொல்லாம இதை வாங்காதீங்க, நரகத்துக்குப் போவீங்க" என்று கட்டிலருகில் நின்று அழுதாள். வயிறு ஊதி, கை கால் குச்சியாகி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனிதர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மேரி. குடிச்சேன். போதுமா? கிட்ட வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். மன்னித்தாள். அவள் கையால் மூன்று கரண்டி கஞ்சி குடித்தார். அதுதான் தன் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று அவள் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். கூட்டத்தில் அவள் சொல்லும் சாட்சியில் எல்லோரும் உடைந்து அழுகிற இடமும் அதுதான்.

அதற்கு மறுநாள் நடந்ததை மட்டும் அவள் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இருதயராஜைப் பார்த்த டாக்டர் வயதானவர். "இவர் குடிக்கவில்லை என்கிறார், எனக்கும் அப்படித்தான் படுகிறது. பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள், அவர்கள் ரத்தத்தையும் பார்த்துவிடலாம்" என்று இந்தியில் சொல்லியிருந்தார். செல்வமேரி அவர் அறைக்குப் போய், "ஒத்துக்கிட்டார் சாஹேப். குடிச்சாராம். என் பிள்ளைங்க குடிக்க மாட்டாங்க, அவங்களுக்கு எதுக்கு" என்றாள். அவர் காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். பிள்ளைகளைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

அந்தக் காகிதம்தான் இப்போது டாக்டர் கிரிஜாவின் மேஜையில் கிடந்தது.

*

"அம்மா?" என்றார் டாக்டர்.

செல்வமேரி மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். ஆமாம் என்று சொன்னால் கீர்த்தியின் வயிற்றில் கத்தி விழும், அப்புறம் என்ன ஆகுமோ. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளிடம் எதைக் கேட்கிறார்கள் பாருங்கள்.

ஜோஷுவா இன்று இப்போது செத்துக்கொண்டிருக்கிறான். கீர்த்திக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். செத்துப்போன மனிதருக்கு இனி எந்த வலியும் இல்லை.

"பார்த்திருக்கேன்" என்றாள். "டெய்லி குடிப்பாரு."

டாக்டர் ஒரு நொடி கூடுதலாகவே அவளைப் பார்த்தது மாதிரி இருந்தது. பிறகு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதிச் செல்வமேரியின் கையில் தனியாகக் கொடுத்தார். "வியாழக்கிழமைக்குள்ள ஏதாச்சும் ஞாபகம் வந்தா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

அவள் அதை ஜெபப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கீர்த்தி மெதுவாகக் கேட்டாள். "மா, நெஜமாவே நீ பார்த்தியா? எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் இல்லியே."

"நீ சின்னப் பொண்ணு."

"அப்ப பத்தொம்பது வயசு மா எனக்கு."

லிஃப்ட் வந்துவிட்டது. செல்வமேரி முதல் ஆளாக உள்ளே நுழைந்து, கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் ஜோஷுவா ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்த ஆரஞ்சுப் பாட்டில்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினான். இந்தப் பழக்கம் அவனுக்கு இன்னும் விடவில்லை. குடிக்க மாட்டான், பார்ப்பான். அவற்றை எடுத்துக் கொட்ட வேண்டும் என்று செல்வமேரிக்கு இரண்டு மாசமாகத் தோன்றவில்லை பாருங்கள்.

"எனக்கு அப்பா மேல இன்னும் கோவம் போகல மா" என்றான் கட்டிலில் சாய்ந்துகொண்டே.

"இப்ப எதுக்குடா அது?"

"அவராவது ஆசை தீரக் குடிச்சாரு. நான் என்னா பண்ணேன்? ஒரு பீர்கூட வேணாம், நக்கோன்னு சொல்லிட்டு ஃப்ரெண்ட்ஸ் நடுவுல உக்காந்து ஆரஞ்சு குடிச்சேன். எல்லாரும் சிரிப்பாங்க. அந்தாளு மாதிரி ஆவக் கூடாது, அந்தாளு மாதிரி ஆவக் கூடாதுன்னே இருந்தேன். கடைசில அவரு மாதிரியேதான் ஆயிட்டேன்."

அந்தாளு. தூங்குகிற பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போகிற மனிதரை மகன் அந்தாளு என்கிறான். அப்படிச் சொல்ல வைத்தவள் இங்கே நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்படிப் பேசாதடா."

"நீதானே மா சொல்வ, ஊரைக் கூட்டி மைக்ல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். களைத்துப்போய்விட்டான்.

நாலரை மணிக்குக் கீர்த்தி ஆக்டிவாவில் வந்து நின்றாள். "வா மா, நான் கொண்டு விடறேன்" என்றாள். காலையில் பேசிய பேச்சை எடுக்கவில்லை. செல்வமேரி வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். மெட்ரோத் தூண்களுக்குக் கீழே, வெயில் அடங்காத ரோட்டில், அம்மாவும் மகளும் போனார்கள்.

*

மண்டபத்தில் எண்பது பேருக்குக் குறையாது. மின்விசிறிகள் வெந்த காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. சிலுவைப்பாதை முடிந்து, பாட்டு முடிந்து, டேனியல் மைக்கைப் பிடித்தான்.

"அடுத்து நம்ம செல்வமேரி அக்கா. இவங்க மகனுக்கு வியாழக்கிழமை பெரிய ஆபரேஷன். அந்தக் கஷ்டத்துலயும் நமக்காக வந்திருக்காங்க. இந்தச் சாட்சியக் கேட்டுத்தான் நான் மனுஷனானேன்."

கைதட்டினார்கள். கீர்த்தி கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

செல்வமேரிக்கு ஆரம்பிப்பதில் சிரமம் இல்லை. பத்து வருஷத்துப் பேச்சு, வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. நல்ல மனுஷன். வேலைக்குப் போனா தலை நிமிராத மனுஷன். ஈரல் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இல்லவே இல்லன்னு சாதிச்சாரு. நான் விடல. நாப்பது நாள் விடல.

முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வருவது அவர்களுக்குத் தெரியும்.

"கடைசில…" என்றாள் செல்வமேரி.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அதுதான் வரி. அது வரவில்லை. வெள்ளைத் தலையணையில் அவர் முகம்தான் வந்தது. சரி மேரி, போதுமா என்று கேட்ட முகம். அது மன்னிப்புக் கேட்ட முகம் இல்லை. விட்டுவிடு என்று கெஞ்சிய முகம். பத்து வருஷம் கழித்து அவளுக்கு அது புரிந்தது.

"அவரு குடிக்கல" என்றாள்.

டேனியல் மைக் கெட்டுவிட்டதோ என்று கிட்டே வந்தான்.

"என் புருஷன் குடிக்கல. ஒருநாளும் குடிக்கல. நான் பார்க்கல. என் தொந்தரவு தாங்காம, சாவறப்ப எங்கிட்டருந்து ஒரு வாய்க் கஞ்சி வாங்கறதுக்காக, குடிச்சேன்னு சொன்னாரு. நான் அதைப் போய் டாக்டர்கிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னேன். பெத்த பிள்ளைங்ககிட்டச் சொன்னேன். அது ரத்தத்துல வந்த நோவு. என் ரத்தத்துலயும் இருக்குதாம். நான் பொய்ச் சாட்சி சொன்னவ. என்னைக் கும்பிடாதீங்க."

யாரும் அழவில்லை. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டேனியல் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினான். அவன் முகம் செத்திருந்தது.

"அப்ப நான் எதை நம்பிக்கா குடிய விட்டேன்?" என்றான், மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். சுவரோரம் நாற்காலி காலியாக இருந்தது.

*

கீர்த்தி வெளியே வண்டியருகில் நின்றிருந்தாள். கையில் போன். செல்வமேரி படியிறங்கி, புடவை தடுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தாள்.

"டாக்டர்கிட்டப் பேசிட்டியா?"

"இல்ல."

"பேசுடி. இல்ல, எங்கிட்டக் குடு, நானே சொல்றேன். ஆபரேஷன நிறுத்தட்டும். உன் ரத்தத்தைப் பாக்கட்டும்."

கீர்த்தி போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அதுதான் செல்வமேரிக்குப் பயமாக இருந்தது.

"அண்ணனுக்கு மூணு வாரம் கிடையாது மா. நீ டாக்டரோட வாயைப் பார்த்த. நான் கண்ணைப் பார்த்தேன்."

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? உன் பொண்ணு?"

"ஆகாமலும் போகலாம்ல? அதை நெனச்சுத்தானே காலையில நீ பொய் சொன்ன." கீர்த்தியின் குரல் முதன்முறையாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "அப்பாவுக்கு நீ பண்ணத நான் அப்புறம் கேப்பேன். கண்டிப்பா கேப்பேன். இப்ப டைம் இல்ல."

"கீர்த்தி, நான் சொல்றதைக் கேளு…"

"நீ கேளு மா. உள்ள இருக்கறவங்களுக்கு டாக்டரைத் தெரியாது. டாக்டருக்கு இவங்களைத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்சா கையெழுத்த வாபஸ் வாங்கிடுவாரு. அதனால அவருக்கும் தெரியக் கூடாது, அண்ணனுக்கும் தெரியக் கூடாது." அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினாள். "பத்து வருஷம் சொன்ன பொய்தானே மா. இன்னும் அஞ்சு நாள் சொல்லு."

வண்டி உறுமியது. மண்டபத்திலிருந்து சனங்கள் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வேறு பக்கமாக இறங்கிப் போனார்கள்.

செல்வமேரி ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். தலையில் மாட்டவில்லை. இன்னொரு கையில் ஜெபப் புத்தகம் இருந்தது. அதற்குள் டாக்டர் கொடுத்த சீட்டும் இருந்தது.